நீலாம்பூண்டிக் கல்லறையும் வேல்சு நாட்டு நாயும்

நம் சமுதாயத்துப் பெற்றோர்மீது எனக்கு ஒரு வழக்கு உண்டு. இங்கிலாந்து, அயர்லாந்து, வேல்சு நாடுகளின் பழங்கதைகளும் பேய்க்கதைகளும் வண்ணப் படங்களோடு அச்சாகி நம் வீட்டு அலமாரிகளில் வந்து அமர்ந்திருக்கின்றன. லண்டன் கோபுரத்தில் 1536ஆம் ஆண்டு தலை வெட்டுண்ட அரசி ஆன் பொலின் இன்னும் நள்ளிரவில் அங்கே உலவுகிறாள் என்பதை நம் ஆறாம் வகுப்புப் பிள்ளை அறிவான். 1577ஆம் ஆண்டு இடியும் மழையுமாய் இருந்த ஒரு நாளில், பங்கே என்னும் ஊரின் தேவாலயத்துக்குள் பாய்ந்து வந்ததாகச் சொல்லப்படும் கரிய நாயையும் அறிவான். செஞ்சிக் கோட்டையின் நிழலில் வளரும் அதே பிள்ளையிடம் மகபத்கான் யார் என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பான்.

அந்தப் புத்தகங்களை வாங்கிக் கொடுத்தவர்கள் நாம்தாம். பிள்ளைக்கு ஆங்கிலம் வளரும் என்றோம். படிக்கும் பழக்கம் வரும் என்றோம். இரண்டும் உண்மையே. ஆனால் அதே வீட்டுத் திண்ணையில் முதிய நன்னி ஒருவர், "தேசிங்குராசன் சண்டைக்குப் புறப்பட்ட அன்னிக்கு..." என்று வாயெடுத்தால், "அம்மா, அந்தக் கட்டுக்கதையெல்லாம் பிள்ளைக்கு எதற்கு? ஈமான் கெட்டுப்போகும்" என்று மகன் குறுக்கே விழுகிறார். ஆங்கிலத்தில் வந்தால் பேயும் பொது அறிவாகிறது. தமிழில் வந்தால் மனிதனுடைய நட்பும் மூடநம்பிக்கையாகிறது. இந்த இரட்டை அளவுகோலை எந்த மத்ரஸாவில் கற்றோம் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் அந்த நூல்களின் பகைவன் அல்லன். அயர்லாந்துக்காரரின் ஒஷீன் கதையை என் மாணவர்களுக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். கடலுக்கு அப்பாலிருக்கும் இளமை நாட்டிலிருந்து வெண்குதிரையில் வந்த ஒரு பெண்ணோடு ஒஷீன் என்னும் வீரன் போகிறான். மூன்று ஆண்டு அங்கே வாழ்ந்ததாக எண்ணித் தாய்நாட்டுக்குத் திரும்புகிறான். முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டிருக்கின்றன. குதிரையைவிட்டு மண்ணில் கால் வைக்கக் கூடாது என்பது கட்டளை. தவறி விழுந்தவன் அந்தக் கணமே கூனிக் குறுகிய கிழவனாகிறான். இதைச் சொல்லி முடித்ததும் கஹ்ஃபு அத்தியாயத்தைத் திறந்து, குகைத் தோழர்கள் ஒரு நாளோ அதில் ஒரு பகுதியோ உறங்கியதாக எண்ணியதையும், அவர்கள் தங்கியதாகக் குறிக்கப்படும் 309 ஆண்டுகளையும் காட்டினால், பிள்ளைகளின் கண்கள் விரிவதைக் காண வேண்டும். ஒன்று நாட்டுக்கதை, மற்றது வேதம். இரண்டும் ஒன்றல்ல என்பதை ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை வைத்துக் காட்டும்போதுதான் பிள்ளைக்குத் தெளிவாகப் புரிகிறது.

வேல்சு நாட்டு நாயின் கதை இதனினும் சுவையானது. லெவெலின் என்னும் சிற்றரசன் வேட்டையிலிருந்து திரும்புகிறான். அவனுடைய நாய் கெலெர்ட் வாயெல்லாம் குருதியோடு ஓடி வருகிறது. தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, குழந்தையைக் காணவில்லை. நாயை வாளால் குத்திவிடுகிறான். பிறகுதான் தொட்டிலுக்கு அடியில் குழந்தை உயிரோடு கிடப்பதும், அருகே ஓநாய் ஒன்று கடிபட்டு மாண்டு கிடப்பதும் தெரிகின்றன. வடவேல்சில் பெத்கெலெர்ட் என்னும் ஊரில் அந்த நாயின் கல்லறை இன்றும் இருக்கிறது. உலகெங்குமிருந்து வருகிறவர்கள் அதன்முன் நின்று கண் கலங்குகிறார்கள்.

தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இது புதிதா? நாய்க்குப் பதிலாகக் கீரியையும் ஓநாய்க்குப் பதிலாகப் பாம்பையும் வைத்தால் நம் பாட்டிமார் சொன்ன கீரிப்பிள்ளைக் கதை வந்துவிடும். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணும் அவளுக்காகப் பொருள் தந்த கோவலனும் வருகிறார்கள். பஞ்சதந்திரத்திலிருந்து பஹ்லவிக்குப் போன அந்தக் கதையை ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ 'கலீலா வ திம்னா'வில் அரபுமொழிக்குக் கொண்டுவந்தார். அரபு நூலின் வழியே அந்தக் கதைத் தொகுதி ஐரோப்பிய மொழிகளுக்குள் பரவியது. 1892இல் கெல்டியரின் கதைகளைத் தொகுத்த ஜோசப் ஜேக்கப்சு என்னும் யூத அறிஞர், கெலெர்ட் கதையின் வேர் இந்தியாவில் என்று ஒளிக்காமல் எழுதினார். கீரி நம் நாட்டில் புறப்பட்டு, அரபுமொழியில் தங்கி இளைப்பாறி, வேல்சு மலைக்குப் போய் நாயாகிவிட்டது. இப்போது பளபளக்கும் தாளில் அச்சாகி நம்மிடமே விலைக்கு வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெத்கெலெர்ட்டில் இருக்கும் கல்லறையில் நாய் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த ஊரில் விடுதி நடத்த வந்த டேவிட் பிரிட்சார்டு என்பவர், பயணிகளை இழுப்பதற்காகக் கல்லை நட்டுக் கதையை அதன்மீது ஏற்றினார் என்பது அங்கே எல்லாரும் அறிந்தது. பொய் என்று தெரிந்தும் அந்த மக்கள் கல்லைப் பிடுங்கி எறியவில்லை. கல்லையும் காத்தார்கள், அது எப்படி வந்தது என்ற உண்மையையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டி என்னும் சிற்றூர் உண்டு. மகபத்கானின் அடக்கத்தலம் என்று ஊரார் ஒரு கல்லறையைக் காட்டுகிறார்கள். பேருந்தில் வந்து இறங்கிக் கண் கலங்குவார் யாருமில்லை. வெளியூரார் இருக்கட்டும்; நம் ஜமாஅத்தில் எத்தனை பேர் அதைக் கண்டிருக்கிறோம்?

கதையை அறியாத இளையவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். டில்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத ஒரு குதிரை இருந்ததாம். எத்தனையோ வீரர் தோற்றபின் சிறுவன் தேசிங்கு அதன்மேல் ஏறி அடக்கினானாம். அந்தக் குதிரைக்குப் பாராசாரி என்று பெயராம். தேசிங்குக்கு உயிர்த்தோழன் மகபத்கான். பாட்டுக்காரர் வாயில் அவன் மோவுத்துக்காரன். அவனுடைய குதிரை நீலவேணி. ஆர்க்காட்டு நவாப் கப்பம் கேட்டுப் படையெடுத்து வந்தபோது மோவுத்துக்காரன் தன் மணவறையில் மாலையோடு இருந்தானாம். தோழனின் ஓலை வந்தது. அவன் எழுந்தான், நீலவேணியில் ஏறினான். போர்க்களத்தில் நண்பனுக்கு முன்னே அவன் வீழ்ந்தானாம். அதன்பின் தேசிங்கு தனியனாய் நின்று போரிட்டு, தன்னைக் கொல்லத் தக்கவன் எவனுமில்லை என்று தன் வாளையே மேலே எறிந்து அதற்கு மார்பைக் காட்டினானாம். போருக்குமுன் அவன் விடைபெறச் சென்றபோது சிங்கவரத்து அரங்கநாதர் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது அக்கோயிலார் சொல்லும் கதை.

இதில் வரலாறு எவ்வளவு? சிறிதன்று. 1698இல் செஞ்சி மொகலாயர் கைக்கு வந்தபின் புந்தேல இராசபுத்திரரான சொரூப்சிங் கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்டார். அவர் மறைந்ததும் வடக்கிலிருந்து வந்து பொறுப்பேற்ற மகன் தேஜ்சிங்தான் தமிழ் நாவில் தேசிங்கு ஆனான். நிலுவைத் தொகையைக் கேட்டுக் கர்நாடக நவாப் சாதத்துல்லாகான் படையோடு வந்தார். 1714 அக்டோபர் 3ஆம் நாள் நடந்த போரில் தேசிங்கு மாண்டான். அப்போது வயது 22 என்பர். மகபத்கானும் அன்றே களத்தில் வீழ்ந்தான். வாளை மேலே எறிந்த சாவு பாட்டுக்காரர் தந்தது. குண்டடி பட்டு இறந்தான் என்பர் வரலாற்று நூலார். அவனுடைய மனைவி உடன்கட்டை ஏறினாள். அந்த இளம் அரசியின் நினைவாகவே நவாப் இராணிப்பேட்டை என்னும் ஊருக்குப் பெயரிட்டார் என்று சொல்லப்படுகிறது. செட்டிக்குளக் கரையில் ஒரு மேடையை அவன் உடல் எரிந்த இடம் என்று காட்டுவர். (ஓர் இடைச்சொல்: அரசிக்கு ஊரே கிடைத்தது. மணவறையில் மோவுத்துக்காரன் விட்டுச் சென்ற நம் பெண்ணுக்கு, நான் கேட்ட சொல்லல்கள் எவற்றிலும் ஒரு பெயர்கூட இல்லை. இதைப் படிக்கும் சகோதரிகள் நினைத்துப் பார்க்கட்டும்.)

இந்தக் கதையை மக்கள் மறக்கவில்லை. பெரிய எழுத்துப் புத்தகமாய்ச் சந்தைகளில் விற்றது. செஞ்சி வட்டாரத்துத் தெருக்கூத்தில் தேசிங்கு விடிய விடிய ஆடினான். நவாபின் ஆட்சியில் வாழ்ந்த குடிமக்கள், நவாபுக்கு எதிரே நின்று தோற்றவனைப் பாடினார்கள். அவனுக்காக உயிர்விட்ட முஸ்லிமைச் சேர்த்தே பாடினார்கள். நவாபின் புகழைப் பாரசீகத்தில் 'ஸயீத் நாமா' என்று எழுதியவரோ ஜஸ்வந்த்ராய் என்னும் இந்து. அன்றைய உலகம் அப்படி இருந்தது. படையில் எவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை உப்பும் உறவும் வாக்கும் முடிவு செய்தன.

இன்றோ சில மேடைகளில் இதே கதை வேறு உருவில் வருவதைக் கேட்கிறேன். இந்து அரசன் ஒருவன் முஸ்லிம் படையெடுப்பை எதிர்த்து மாண்ட கதையாம் இது. அப்படிச் சொல்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை மோவுத்துக்காரனை வெட்டி எறிவது. அவனை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. சொரூப்சிங்கும் சாதத்துல்லாகானும் ஒரே பாதுஷாவின் அலுவலர்கள் என்பதையும் மறைக்க வேண்டும். குதிரை பேசியது, தெய்வம் முகம் திருப்பியது என்று கூத்துக்காரன் சேர்த்த புனைவு யாருக்கும் தீங்கு செய்யாது. உண்மையாய் வாழ்ந்து செத்த ஒரு மனிதனைக் கதையிலிருந்து நீக்குவது பொய்யிலும் பெரும் பொய்.

அவர்களோடு எனக்குப் பெரிய வாதம் இல்லை. அவர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். என் வாதம் நம்மோடு. அவர்கள் கத்தி எடுக்குமுன்பே நாம் அவனைக் கைகழுவிவிட்டோமே!

ஏன் கைகழுவினோம்? இரண்டு காரணம் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதலாவது, அவன் ஒரு முஸ்லிம் நவாபை எதிர்த்துப் போரிட்டவன். அவனை நாம் எப்படிப் பெருமையாகச் சொல்வது? இதைச் சொன்னவர் நன்கு ஓதியவர். அவருக்கு நான் அரபு இலக்கியத்திலிருந்தே விடை சொன்னேன். வாக்குத் தவறாமைக்கு அரபியர் யாரை உவமை சொல்வர்? ஸமவ்அல் என்பவரை. தய்மா என்னுமிடத்தில் அப்லக் கோட்டையின் தலைவர்; யூதர்; நபிகளார் (ஸல்) பிறப்பதற்கு முன் வாழ்ந்தவர். கவிஞர் இம்ரவுல் கைஸ் அவரிடம் தம் கவசங்களை அடைக்கலமாக வைத்துச் சென்றார். பகைவன் கோட்டையை முற்றுகையிட்டு, வெளியே அகப்பட்ட ஸமவ்அலின் மகனைப் பிடித்துக்கொண்டு, கவசங்களைக் கொடு, இல்லையேல் இவனைக் கொல்வேன் என்றான். தந்தை கோட்டைமேல் நின்று மகன் கொல்லப்படுவதைக் கண்டார். அடைக்கலப் பொருளைக் கொடுக்கவில்லை. இஸ்லாம் வந்தபின் எந்த ஆலிமும் அந்தப் பழமொழியை அழிக்கச் சொல்லவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளாக முஸ்லிம் பிள்ளைகள் ஒரு யூதரின் வாக்குறுதியை அரபுப் பாடத்தில் ஓதி வருகிறார்கள். கோட்டையும் வாக்குறுதியும் உயிர்ப்பலியும் நம் செஞ்சியிலும் இருக்கின்றன; வாக்குக் காத்தவன் முஸ்லிமாகவும் இருக்கிறான். அவனைச் சொல்ல நமக்கு நாக்கு ஏன் கூசுகிறது? அந்தப் பெரியவர் எனக்கு மறுமொழி சொல்லவில்லை. தேநீர் வரவழைத்தார்.

இரண்டாவது காரணம் சற்றுக் கனமானது. கதை பொய்யும் மெய்யும் கலந்தது. பொய்யைப் பிள்ளைக்குச் சொல்லலாமா என்பது. இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். பக்தாதின் பேரறிஞர் இப்னுல் ஜவ்ஸீ (மறைவு ஹிஜ்ரி 597) கதைசொல்லிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். நபிமீது பொய் புனைந்தவர்களைக் கடுமையாகச் சாடினார். ஆனால் அவரே தம் காலத்தில் பெரும் கூட்டங்களை உருக வைத்த சொற்பொழிவாளர். கதை கூடாது என்று அவர் சொல்லவில்லை. கதையை மார்க்கமாக விற்காதே என்றார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதினொரு பெண்கள் தத்தம் கணவரைப் பற்றிச் சொன்ன நீண்ட கதையைக் கூற, நபிகளார் (ஸல்) அதைப் பொறுமையாய்க் கேட்டிருந்ததை புகாரியில் ஓதாத மௌலவி உண்டா? உம்மு ஸரஃ ஹதீஸ் என்று அதைப் பக்கம் பக்கமாய் விளக்குகிறோம். வீட்டுக்கு வந்ததும் கதை கேட்பது வீண் என்கிறோம்.

ஹதீஸ் கலையில் ஒரு நுட்பம் உண்டு. நேரே கேட்டதை அறிவிப்பவர், இன்னார் எமக்கு அறிவித்தார் என்பார். வலுக்குறைந்த செய்தியை எடுத்துச் சொல்வோர் 'ருவிய' என்பர். அறிவிக்கப்படுகிறது என்று பொருள். அந்த ஒரு சொல்லே கேட்பவனை எச்சரித்துவிடும். இந்தக் காவலை நம் தாய்மொழி ஓரெழுத்து ஈரெழுத்தில் வைத்திருக்கிறது. 'வந்தானாம்', 'சொன்னாளாம்', 'குதிரை பறந்ததாம்' என்று நன்னிமார் சொல்கிறார்களே, அந்த 'ஆம்' என்ன? நான் கண்டதில்லை, கேட்டதைச் சொல்கிறேன், பொறுப்பு உன் அறிவுக்கு என்று பொருள். மத்ரஸா வாசலை மிதிக்காத கிழவி 'ருவிய'வின் இலக்கணத்தைக் காக்கிறாள்! அவளிடமிருந்து பிடுங்கி நாம் வாங்கிக் கொடுத்த புத்தகங்களிலோ 'ஆம்' கிடையாது. அரசியின் பேய் உலவுகிறது, கரிய நாய் பாய்ந்தது என்று அடித்துச் சொல்கின்றன. எது பிள்ளையின் நெஞ்சைக் குழப்பும்?

அந்தப் பழக்கம் போனதால் வந்த கேட்டுக்கு ஒரு சான்று. கோட்டைக்குள் செட்டிக்குளத்துக்கு அருகே பெரும் பாறை ஒன்று நிற்கிறது. அதன் நடுவே இயற்கையான துளை. மேலே செங்கல் சுவர் எடுத்துக் கிணற்று வாய்போல் ஆக்கியிருக்கிறார்கள். கைதிக் கிணறு என்பார்கள். கொலைத் தண்டனை பெற்றவர்களை அதில் இறக்கிப் பட்டினியால் சாகவிட்டார்கள் என்பது கேள்விச் செய்தி. என்னிடம் ஓதும் பையன் ஒருவன் ஒருநாள், "ஹஜ்ரத், அந்தக் கிணத்துல தலையில்லாத பொம்பளைப் பேய் இருக்காமே, ராத்திரி வெள்ளை கவுன் போட்டுக்கிட்டு நடக்குமாமே?" என்றான். எங்கே கேட்டாய் என்றேன். கைப்பேசிப் படம் ஒன்றில் பார்த்தானாம். தலையில்லாமல், வெள்ளைக் கவுனோடு, செஞ்சிப் பாறையில்! ஆன் பொலின் கடல் கடந்து வந்து செட்டிக்குளத்தில் குடியேறிவிட்டாள். பட்டினி கிடந்து செத்ததாகச் சொல்லப்படும் கைதிகளை அவன் ஒரு சொல்லும் கேட்கவில்லை. சொந்தக் கதை இல்லாத இடத்தை அயலார் கதை நிரப்பும். வயிறு காலியாய் இருந்தால் கிடைத்ததைத் தின்னும் பிள்ளை.

அயர்லாந்தைப் பற்றிச் சொன்னேனே, அவர்கள் தங்கள் கதைகளைக் காத்த விதத்தைப் பாருங்கள். பலநூறு ஆண்டு ஆங்கிலேயருக்கு அடிமைப்பட்டு, மொழியையே ஏறக்குறைய இழந்த மக்கள் அவர்கள். நம் தாகூரின் கீதாஞ்சலிக்கு 1912இல் முன்னுரை எழுதிய கவிஞர் யேட்சு, அதற்கு வெகு முன்பே, 1888இல், அயர்லாந்துக் குடியானவர்களின் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார். விடுதலைக்குப்பின் 1935இல் அவர்கள் அரசு நாட்டார் வழக்காறுகளைத் தொகுக்க ஓர் ஆணையம் அமைத்தது. 1937 முதல் 1939 வரை அந்த ஆணையம் செய்த வேலையைத்தான் நம்மவர் கவனிக்க வேண்டும். அறிஞர்களை ஊர் ஊராக அனுப்பியது ஒருபுறம் இருக்க, தொடக்கப்பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகளின் கையில் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போ, பாட்டனிடம் கேள், அண்டை வீட்டுக் கிழவியிடம் கேள், அவர் சொன்னபடி எழுது, சொன்னவர் பெயரையும் வயதையும் எழுது. ஏறத்தாழ 5,000 பள்ளிகள் இதில் சேர்ந்தன. பஞ்சம், பாழடைந்த மண்டபம், கிணறு, கல்லறை, மருந்து, பழமொழி, பேய் என எல்லாம் வந்தன. சேர்ந்த பக்கங்கள் 7,40,000 அளவினவாம். இன்று அவை இணையத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. பிள்ளையின் கையெழுத்தே கிடைக்கிறது. அந்நாட்டுப் பள்ளிகளின் மேலாளர்களாய் இருந்தவர்கள் பெரும்பாலும் பாதிரிமார். பேய்க்கதை எழுதினால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று அந்தத் திட்டம் நின்றுபோகவில்லை.

அதில் நம் கலை மணக்கவில்லையா? சொன்னவர் யார், அவர் எவரிடம் கேட்டார், எப்போது கேட்டார் என்று எழுதி வைப்பதற்கு நம் முன்னோர் இஸ்னாத் என்று பெயர் வைத்து, அதை அறிவின் பாதியாக மதித்தார்கள். அயர்லாந்துப் பிள்ளை அறியாமல் அதைச் செய்தான். அறிந்தவர்களாகிய நாம் செய்யவில்லை. உலகில் இஸ்னாதுக்கு உரிமை கொண்டாடும் சமுதாயத்துக்கு மகபத்கானைப் பற்றிக் கிழவிமார் சொன்னதை எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் படைத்துறை அரண்கள் என்னும் வரிசையில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராட்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. மகிழ வேண்டிய செய்தி. 1677இல் சிவாஜி கைக்கொண்டதும், இராசாராம் இங்கிருந்து மொகலாயரை எட்டு ஆண்டு தடுத்து நின்றதும் பெருமைக்குரிய வரலாறுதான். ஆனால் கல்லில் ஒரு காலம் மட்டும் இல்லை. கோனார், நாயக்கர், பிசப்பூர் சுல்தானின் படைத்தலைவர், மராட்டியர், மொகலாயர், நவாப், 1750இல் இரவோடு இரவாய் ஏறிவந்த பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று எல்லாருடைய கைவடுவும் அங்கே உண்டு. போருக்குப்பின் 1717-18இல் சாதத்துல்லாகான் கட்டிய பள்ளிவாசல் கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது. இனி வெளிநாட்டார் மிகுதியாக வருவர். வழிகாட்டிகள் பெருகுவர். கேட்கிறவர் கையில் காசிருந்தால் சொல்கிறவர் வாயில் கதை ஊறும். பெத்கெலெர்ட் விடுதிக்காரர் இங்கும் பிறப்பார். அவர் நடப்போகும் கல்லில் மோவுத்துக்காரனுக்கு இடம் இருக்குமா? நாம் எழுதி வைத்திருந்தால் இருக்கும். இல்லையேல் குறைகூற நமக்கு என்ன உரிமை?

நான் கேட்பது பெரிய காரியமன்று. விழா வேண்டாம், மேடை வேண்டாம், தீர்மானம் நிறைவேற்றித் தலைவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டாம். மக்தபு நடத்தும் ஆசிரியர்கள் அரையாண்டு விடுமுறையில் மேல்வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவனுக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுக்கட்டும். முதல் பக்கத்தில் சொன்னவர் பெயர், வயது, ஊர், அவர் எவரிடம் கேட்டார் என்பன. பேச்சுத் தமிழில் சொன்னால் பேச்சுத் தமிழிலேயே, தக்கினி உருதுவில் சொன்னால் அப்படியே எழுதட்டும். இலக்கணம் திருத்த யாரும் சிவப்பு மையை எடுக்கக் கூடாது. மோவுத்துக்காரன் மட்டும் போதாது. ஜின் கதை, குதிரை வணிகர் கதை, பஞ்சகாலத்துக் கஞ்சித்தொட்டி, கோட்டைக்குள் எந்தச் சுனையில் யார் தண்ணீர் எடுத்தார்கள் என்பது வரை வரட்டும். கூத்தாடும் பெரியவர்களிடமும் பிள்ளைகள் போகட்டும். நம் ஆள் அவர்கள் பாட்டில் முந்நூறு ஆண்டு பத்திரமாய் இருந்திருக்கிறான், அதற்கு ஒரு நன்றியாவது சொல்லி வரட்டும். ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் சிறக்கும் என்பது என் கருத்து. அடுக்களையில் நடக்கும் பேச்சு ஆண்பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. மணவறையில் விடப்பட்ட அந்தப் பெண்ணின் பெயர் எங்கேனும் ஒரு கிழவியின் வாயில் மிஞ்சியிருந்தால் அது அடுக்களையில்தான் இருக்கும்.

ஆங்கிலப் புத்தகங்களை அலமாரியிலிருந்து இறக்க வேண்டாம். ஒஷீன் இருக்கட்டும், கெலெர்ட் இருக்கட்டும். பக்கத்தில் இந்த நோட்டுக்கு ஓரிடம் ஒதுக்குங்கள்.

நீலாம்பூண்டிக்குப் போய்வர அரைநாள் போதும். பிள்ளையை அழைத்துச் செல்லும் அத்தாமார்களுக்கு ஒரு சொல்: அங்கே சந்தனம் பூச வேண்டாம், போர்வை போர்த்த வேண்டாம், நேர்ச்சை எதுவும் வேண்டாம். கப்றுக்கு உரிய சலாமைச் சொல்லி ஒதுங்கி நில்லுங்கள். ஆடு மேய்க்கும் கிழவர் எவரேனும் அங்கு இருப்பார். "இது யாருடையது, தாத்தா?" என்று பிள்ளையே கேட்கட்டும். அவர் சொல்வதை, ஓர் 'ஆம்'கூட விடாமல், எழுதிக்கொள்ளட்டும்.